அந்த அடைப்புக்குறியை யார் கேட்டது?

போன மாதம் கார்த்திக் தொலைபேசியில் அழைத்து இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னான். நான் ஓய்வு பெற்ற நாற்காலியில் இப்போது அவன் இருக்கிறான். சென்னையிலிருந்து வந்து ஆக்லாந்தின் ஏவன்டேலில் வாடகை வீட்டில் இருப்பவன். கெட்டிக்காரன். வேலையை என்னைவிட வேகமாகச் செய்கிறான் என்று கேள்வி. அதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் உண்டு.

"அக்கா, கூட்டமைப்புல இன்னும் ரெண்டு நாடு சேரப்போகுது. அவங்க அதிகாரிகளுக்குப் பயிற்சி வைக்கிறோம். புதுசா சேர்றவங்க நம்ம வெளியுறவுக் கொள்கையை எப்படி மாத்துறாங்கன்னு உங்க அனுபவத்துலேருந்து ரெண்டே பக்கம். அந்தக் கடலடிச் சுரங்க விஷயத்தையே எழுதிடுங்க. அதுதான் நல்ல உதாரணம்னு எல்லாரும் சொல்றாங்க."

"ஓம், எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாக உட்கார்ந்து எழுந்ததுதான் மிச்சம். எல்லோரும் நல்ல உதாரணம் என்று சொல்லும் அந்த விஷயத்தில் என்ன நடந்தது என்று, பக்கத்தில் இருந்து பார்த்த எனக்கே இன்றுவரை விளங்கவில்லை. பார்த்தது மட்டுமல்ல, அதில் என் கையும் இருந்தது. அதனால் கார்த்திக்குக்கு அவன் கேட்ட இரண்டு பக்கம் கிடைக்காது. வந்தது இதுதான்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். சண்டை முற்றிய காலத்தில் கணவரோடும் கைக்குழந்தையோடும் ஆக்லாந்துக்கு வந்தேன். ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் தட்டச்சு, வேலை முடிந்து படிப்பு, பிறகு பசிபிக் தீவு நாடுகள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டமைப்பின் ஆக்லாந்து அலுவலகத்தில் இடம். கூட்டமைப்பின் பெயரை எழுதப்போவதில்லை. இந்தக் கதையில் வரும் நாடுகளின் பெயரையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் பகுதிக்கு வரைவுப் பகுதி என்று பெயர். உலக மன்றங்களில் இத்தனை நாடுகளும் ஒரே குரலில் பேச வேண்டும் என்றால் முதலில் ஒரே வாசகத்துக்குச் சம்மதிக்க வேண்டும். அந்த வாசகத்தை எழுதி, திருத்தி, சம்மதம் வரும்வரை எல்லோரிடமும் கொண்டு திரிவதுதான் வேலை. முதல் ஒன்றரை வருடம் இரண்டு நகல்களை வரிக்கு வரி ஒப்பிட்டதைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. என் கணவர் சிவம், ஆரும் என் உத்தியோகத்தைப் பற்றிக் கேட்டால், "அவ காற்புள்ளி டிப்பார்ட்மெண்ட்" என்பார்.

அடைப்புக்குறியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. வரைவில் ஒரு சொல் ஒரு நாட்டுக்குப் பிடிக்கவில்லை என்றால், அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடச் சொல்லலாம். உள்ளே இருப்பது இன்னும் முடிவாகாத சொல். கூட்டம் முடிவதற்குள் எல்லா அடைப்புக்குறியும் போய்விட வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் அந்த வாசகம் முழுவதும் விழுந்துவிடும். வேறு இடங்களில் எந்த நாடு கேட்டது என்று பக்கத்தில் எழுதுவார்களாம். எங்களிடம் அந்த வழக்கம் இல்லை. சின்ன நாடுகள் பெரிய நாடுகளுக்குப் பயப்படாமல் ஆட்சேபிக்க வேண்டும் என்பதற்காக முதல் நாளிலிருந்தே அப்படி. கேட்கிறவர் கூட்டத்தில் எழுந்து கேட்பதில்லை. தேநீர் இடைவேளையில் எங்களிடம் வந்து காதோடு சொல்வார். யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று தெரிவதற்காக நாங்கள் எங்கள் கணினிப் பிரதியில் மட்டும் ஓரத்தில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்கு அந்தக் குறிப்புகளை அழித்துவிட்டு வரைவை எல்லா நாடுகளுக்கும் அனுப்புவோம். மறுநாள் பகல் பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் பேசி முடிக்க வேண்டும்.

"அடைப்புக்குறிக்குத் தகப்பன் பெயர் கிடையாது" என்பார் லூப்பே. அவர்தான் எங்கள் தலைவி. டொங்காத் தீவுக்காரர், நல்ல பருமன், மெதுவான நடை. வரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியையும் வாய்விட்டு வாசிப்பார். ஏற்ற இறக்கம் இல்லாமல், கடைச் சாமான் பட்டியல் வாசிப்பது போல. பிறகு ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, "இந்தச் சொல் யாருக்கு வலிக்கும்?" என்று கேட்பார். தெரியாது என்றால் வரைவு திரும்பி வரும். அவர் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் தன் கையால் தேநீர் ஊற்றிக் கொடுப்பார். அவர் அறையிலிருந்து ஒருவர் கோப்பையோடு வெளியே வந்தால் நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

புதிதாக ஒரு நாடு சேரும்போதெல்லாம் பழைய நாடுகள் ஒரு வாக்குக் கூடியது என்றுதான் நினைக்கும். வருகிறவர்கள் வேறு எதையும் கொண்டுவருவார்கள் என்று நினைப்பதில்லை. எங்கள் தமிழ்ச் சங்கத்திலும் இதே கதைதான். புதிதாக வருகிறவர்களை மண்டபத்தில் கதிரை அடுக்கத்தான் கூப்பிடுவார்கள். மூன்றாம் வருடம் பார்த்தால் பொங்கல் எங்கே வைப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்துகொண்டிருப்பார்கள். எப்படி நடந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

லைசாவின் தீவு அப்படிச் சேர்ந்ததுதான். சின்னத் தீவு, சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. லைசா அங்கே பூகோளம் படிப்பித்த ஆசிரியை. ஆள் போதாததால் வெளியுறவு அதிகாரியானவர். முதல் கூட்டத்தில் அவர் ஒரே ஒரு தடவை கை தூக்கினார். சுவரில் மாட்டியிருந்த எங்கள் கூட்டமைப்பின் வரைபடத்தைக் காட்டி, "எங்கள் தீவு அந்த விளக்கப் பெட்டிக்குக் கீழே இருக்கிறது. பெட்டியைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லூப்பே சிரிக்கவில்லை. மறுவாரம் புது வரைபடம் வந்தது.

இனி அந்தக் கூட்டம். ஆக்லாந்து நகரில், துறைமுகத்துக்கு எதிரே ஒரு ஹோட்டல். கடலின் அடித்தளத்தைத் தோண்டிக் கனிமம் எடுப்பது பற்றி உலக மன்றத்தில் கூட்டமைப்பு என்ன சொல்வது என்பது விஷயம். 'இதை முற்றாக நிறுத்த வேண்டும்' என்று வரைவில் இருந்தது. கடல் ஏறி வரும் தாழ்ந்த தீவுகள் அந்தச் சொல்லுக்காக வருடக்கணக்காக அலைந்திருந்தன.

முதல் நாள் காலைத் தேநீரின்போது பழைய உறுப்பு நாடு ஒன்றின் தூதர் என் பக்கமாக வந்தார். உயரமான மனிதர், இனிமையாகப் பேசுவார், எங்கள் பிள்ளைகளின் பெயரெல்லாம் ஞாபகம் வைத்திருப்பார். "அந்த 'முற்றாக' என்ற சொல்லைச் சற்று அடைத்து வையுங்கள்" என்றார். நான் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் அவர் நாட்டைக் குறித்துக்கொண்டேன். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளியே மேடைகளில் அந்தச் சொல்லுக்காக எல்லோரையும்விடப் பலமாகப் பேசியவர்கள் அவர்கள்தான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அவரே திரும்பி வந்தார். "காலையில் கேட்டதை மறந்துவிடுங்கள். எங்களுக்கு அந்தச் சொல்லில் ஒரு சங்கடமும் இல்லை." சரி என்று அடைப்புக்குறியையும் எடுத்து, குறிப்பையும் அழித்தேன். அடுத்த பத்து நிமிடத்தில் லைசா வந்து நின்றார். "'முற்றாக' என்ற சொல்லைச் சற்று அடைத்து வையுங்கள்" என்றார். அதே சொல், அதே பேச்சு. அவர் முகம் வெளிறியிருந்தது.

"உங்கள் அமைச்சரிடம் கேட்டுவிட்டீர்களா?" என்றேன்.

"நேரமில்லை" என்றார்.

தூதரின் நாடு லைசாவின் தீவுக்கு இறங்குதுறை கட்டித் தருவதாக ஒரு பேச்சு இருந்தது. அதனால்தானா? அல்லது அந்தத் தீவைச் சுற்றியுள்ள கடலுக்கு அடியில்தான் கனிமம் நிறையக் கிடக்கிறது என்பதனாலா? அன்றைக்கு நான் அதிகம் யோசிக்கவில்லை. அடைப்புக்குறியைத் திரும்பப் போட்டேன், ஓரத்தில் லைசாவின் நாட்டைக் குறித்தேன்.

மாலை ஆறு மணிக்கு வரைவை எல்லா நாடுகளுக்கும் அனுப்பினேன். ஓரக் குறிப்போடு அனுப்பிவிட்டேன்.

இத்தனை வருட வேலையில் நான் ஒரு தடவையும் செய்யாத பிழை. பிறகு பலமுறை யோசித்துப் பார்த்தேன். மதியம் ஒரு குறிப்பை அழித்திருந்தேன் அல்லவா, குறிப்பை அழித்தாயிற்று என்று மனம் முடிவு செய்துவிட்டது. அழித்தது தூதருடையதை, நின்றது லைசாவுடையது. நான் மட்டும் கொஞ்சம் அலங்கோலமாக வேலை செய்கிறவளாக இருந்திருந்தால் இரண்டுமே வெளியே போயிருக்கும், உண்மையாவது முழுசாகத் தெரிந்திருக்கும்.

மறுநாள் காலை லூப்பே எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். கோப்பையோடு வெளியே வந்தேன். கூட்டம் தொடங்கும் முன்பே பக்கத்து மண்டபத்தில் சத்தம் கேட்டது. தாழ்ந்த தீவு ஒன்றின் அமைச்சர், வயதானவர், மேசையில் அடித்துப் பேசிக்கொண்டிருந்தார். "சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. நாங்கள் கட்டிய சுவரில் அதற்குள் ஓட்டை போடுகிறார்கள்!" தூதர் எழுந்து, புதிய உறுப்பினர்களிடம் நாம் பொறுமை காட்ட வேண்டும் என்று கனிவாகச் சொன்னார். அந்தக் கனிவைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. லைசா தூதரைப் பார்க்கவும் இல்லை. வாசலில் நின்ற என்னைத்தான் பார்த்தார். தீவிலிருந்து அவருக்கு அழைப்பு வந்துவிட்டது, அங்குள்ள அமைச்சர் கொதித்துப்போயிருக்கிறார், இன்று மாலைக்குள் வேலை போய்விடும் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் ஹோட்டலில் லூப்பேக்கு ஒதுக்கியிருந்த அறைக்கு ஓடினேன். "லைசாவுக்கு முன்னால் இன்னொருவர் இதையே கேட்டார். நான் எழுந்து சொல்லப்போகிறேன்."

லூப்பே கதவைச் சாத்தினார். "பெயரைச் சொல்லாதே. எனக்குத் தெரிந்தால் நானும் பொய் சொல்ல வேண்டி வரும்."

"அந்தப் பெண்ணின் வேலை போகப்போகிறது."

"தெரியும். ஒரு குறிப்பு கை தவறி வெளியே போனது. இன்னொன்றை நாமே வேண்டுமென்று வெளியே விட்டால், இனிமேல் எந்தச் சின்ன நாடு நம் காதில் வந்து பேசும்?"

"இப்போது நாம் காப்பாற்றுவது சின்ன நாட்டை இல்லையே!"

லூப்பே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பெரியவர்களுக்கு ஒரு விதி, சின்னவர்களுக்கு ஒரு விதி என்று வைத்தால் கடைசியில் இரண்டையும் பெரியவர்கள்தான் எடுத்துக்கொள்வார்கள்" என்றார். அது சரியான பேச்சா, சமாளிப்பா? இன்றைக்கும் சில நாள் சரி என்று படுகிறது, சில நாள் இல்லை. கூட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. நான் என் அறைக்குத் திரும்பி, அந்த அரை மணி நேரமும் நாற்காலியை விட்டு எழும்பவில்லை. கூட்டத்தில் லூப்பே எழுந்து, பிழை முழுவதும் எங்கள் அலுவலகத்தினுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். தூதரைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிபடாதது. எல்லா நாடுகளும் லைசாவைச் சூழ்ந்துகொண்டன. இத்தனை மாதமாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய் காப்பி குடிக்காதவர்கள் இப்போது அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். அடைப்புக்குறி அவருடையது, அவர் எடுத்தால்தான் வாசகம் பிழைக்கும். லைசா முதலில் தடுமாறினார். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நாலு வரி எழுதினார். 'முற்றாக' இருக்கட்டும், ஆனால் எந்தத் தீவின் கடலைப் பற்றியும் கூட்டமைப்பு உலக மன்றத்தில் பேசுவதற்கு முன்பு அந்தத் தீவின் மக்களைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர வேண்டும். மேசையில் அடித்த அதே கிழவர் அந்தத் தாளை வாங்கி வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். "எங்களையும்தான் ஒருவரும் கேட்டதில்லை" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வாசகம் நிறைவேறியது. தூதரும் கை தட்டினார்.

அந்த வரி இன்றைக்கும் இருக்கிறது. கூட்டமைப்பு வெளியே ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் அந்த வரியைத் தாண்ட வேண்டும். பழைய நாடுகள் இரண்டு கூடி முடிவு செய்துவிட்டு மற்றவர்களிடம் கையெழுத்து வாங்கிய காலம் அதோடு போயிற்று. ஒரு புதிய சின்ன நாடு கொள்கையை எப்படித் திருப்பியது என்பதற்கு இதைத்தான் காட்டுகிறார்கள். லைசாவின் அமைச்சர் தன் சாதனையாக இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். லைசாவை அனுமதி இல்லாமல் பேசினார் என்று அந்த வாரமே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். எங்கள் மின்னஞ்சல் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்ததும் நான்தான். அது என் வேலை.

கூட்டம் முடிந்த அன்று மாலை வீட்டுக்கு வந்து சிவத்திடம் சொன்னேன். அவர் பிளாக்ஹவுஸ் பே பகுதிக் கடையில் வாங்கி வந்த மீனை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நீர் எழும்பிச் சொல்லியிருந்தா அந்தப் பிள்ளையின்ர வேலை தப்பியிருக்குமோ?"

"தெரியாதப்பா."

"தெரியாதோ, இல்லாட்டி எனக்குச் சொல்ல விருப்பமில்லையோ?"

"ரெண்டும்தான்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எங்கட சனத்தைப் பற்றியும்தான் எங்கையெங்கையோ இருந்து ஆராரோ வாசகம் எழுதினவை. அந்த மேசையளிலயும் உம்மைப்போல நல்ல ஆக்கள் இருந்திருப்பினம்" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, குத்திக் காட்டினாரா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

லைசா பிறகு ஆக்லாந்துக்கே குடிவந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். எப்சம் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பிக்கிறார். நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏவன்டேல் சந்தையில் அவரைக் கண்டேன். கண்டதும், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், கீரைக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். கையில் முருங்கைக்காயோடு ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் கீரைக்குப் பின்னால் குந்தியிருந்தால் விற்கிறவர் என்ன நினைத்திருப்பார்!

கார்த்திக் கேட்ட பிறகு அப்படி ஒளிய முடியவில்லை. போன ஞாயிறு அதே சந்தைக்குப் போய்க் காத்திருந்தேன். ஒன்பது மணிக்கு வந்தார். முடி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. சேம்பங்கிழங்குக் குவியல் பக்கமாக நின்று பேசினோம். நான் சுற்றி வளைக்கவில்லை.

"அந்த அடைப்புக்குறியைத் தூதர்தானே உங்களைக் கேட்கச் சொன்னார்?"

"ஆமாம்" என்றார் லைசா. ஒரு கிழங்கை எடுத்து அமுக்கிப் பார்த்தார். "ஆனால் அந்தச் சொல் வரைவு வந்த நாளிலிருந்தே எனக்கு உறுத்திக்கொண்டிருந்தது. எங்கள் கடலைப் பற்றி 'முற்றாக' என்று எழுதியவர்கள் ஒருவரும் அதில் கால் நனைத்ததில்லை. தனியாகச் சொல்லப் பயம். அவர் பின்னால் இருக்கிறார் என்ற தைரியத்தில் சொன்னேன். அவர் என்னை வைத்துக் காரியம் பார்த்தாரா, நான் அவரை வைத்துப் பார்த்தேனா என்று எனக்கே தெரியவில்லை." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அன்று காலையில் நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துவிடுங்கள்" என்றேன். இத்தனை வருடம் மனதுக்குள் சொல்லிப் பழகிய வாக்கியம்.

"சொல்லியிருந்தால் என் வேலை தப்பியிருக்கும்" என்றார் அவர். "எல்லோரும் அவரைப் போய்ச் சூழ்ந்திருப்பார்கள். என்னிடம் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். அந்த வரியும் வந்திருக்காது."

"அப்படியென்றால் நான் பேசாமல் இருந்தது நல்லதுதானா?" என்று கேட்டுவிட்டேன். கேட்கும்போதே ஆம் என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன்.

லைசா கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"நான் அப்படிச் சொல்லவில்லை. கூட்டம் தொடங்க அரை மணி நேரம் இருந்தது. நான் வெளி நடையில் தனியாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். உங்கள் அறை பத்தடி தூரம். வேலை வேண்டுமா, வேறு ஏதாவது வேண்டுமா என்று வந்து என்னிடம் கேட்டிருக்கலாம்."

"கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?"

"தெரியாது" என்றார். "நீங்கள்தான் கேட்கவில்லையே."